வாடி

வத்தளையில் ஏழாம் மாடி, ஏசி அறை, தனிக் கட்டில்.
முதலாளி கனடா போனதும்
அதே கட்டடத்து மொட்டைமாடியில் கட்டிப்போட்டார்கள்,
தண்ணீர்த் தாங்கியின் நிழல் நகர நகர
தானும் நகர்ந்து பதினோரு மாதம்.
ரொஷான் வேனில் ஏற்றி நானுஓயாவில் இறக்கியபோது
கழுத்தில் சங்கிலி இல்லை.
சங்கிலி இருந்த இடத்தில் மயிரும் இல்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான், ஒரு வீடு கிடைக்கும் வரை."
போன தடவையும் இதைத்தான் சொன்னான்.

ஊசி போட்ட புத்தகத்தில் பெயர் டச்சஸ்.
ஒரு கண் நீலம், மற்றது தேத்தண்ணிச் சாயம்.
மேல் லயத்துப் பிள்ளைகள் பார்த்த அன்றே
துரைசானி என்று வைத்துவிட்டார்கள்.

முதல் கிழமை மெத்தைப் பஞ்சு வாசல்வரை வந்தது.
என் ரயில்வேச் சப்பாத்தில் இடதுகாலைத் தின்றாள்,
வலதை ஏனோ மதித்தாள்.
அரிசி மூட்டையில் மூத்திரம்.
கதவுக் கொண்டியை மூக்கால் தூக்கிவிட்டுப் போய்
லீலாவதி அக்காவின் கோழி இரண்டு.
இரண்டுக்கும் காசு கட்டினேன்.
மூன்றாவது தானாகத்தான் செத்தது.
அக்கா இதை இன்னும் நம்பவில்லை.

புஷ்பகாந்தி கயிற்றின் ஒரு நுனியை
இடுப்பில் கட்டிக்கொண்டாள்.
அடுப்படிக்கு, குழாயடிக்கு, சாமிப்படத்துக்கு,
எங்கே போனாலும் பின்னால் இருபத்தாறு கிலோ.
ஒன்பதாம் நாள் கயிறு தரையில் உரசியது.
"இழுக்கல்ல," என்றாள், மெதுவாக,
தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

கதவில் ஆட்டுமணி ஒன்று.
மணியடித்து வெளியே போய் இருந்துவிட்டு வந்தால்
ஒரு நெத்தலி.
இரண்டே நாளில் படித்தாள்.
மூன்றாம் நாள் பத்து நிமிடத்துக்கொரு தரம்
மணியடித்து எங்களைப் படிப்பித்தாள்.

ஒன்று மட்டும் சரிவரவேயில்லை.
வாடி என்பேன்.
உட்காருவாள்.
கையை நீட்டி, கருவாட்டைக் காட்டி, வாடீ என்பேன்.
பிட்டம் சீமெந்தில் ஒட்டியது ஒட்டியதுதான்.
இந்த இனத்துக்குப் பிடிவாதம் ரத்தத்திலேயே உண்டென்று
டொக்டர் சொல்லியிருந்தார்.
இரவுக் கடமை முடிந்து வந்த ஒரு காலை, மழை,
அவள் கேற்றுக்கு வெளியே, பாதை நடுவில்,
பால் லொறி வளைவில் திரும்புகிறது,
வாடி வாடி என்று கத்துகிறேன்,
உட்கார்ந்துகொண்டாள்.
லொறி நின்றது.
நான் செருப்பைக் கழற்றி ஓங்கினேன்.
நடுங்கினாள். எழும்பவில்லை.

சிக்னல் அறைப் பியசேன தேத்தண்ணிக்கு வந்திருந்தபோது
இதைச் செய்து காட்டினேன்.
கோப்பை தளும்பச் சிரித்தான்.
"மச்சான், நீதானே உட்காரச் சொல்றது.
வாடிவென்ன!"

இருபத்திரண்டு வருடமாய்
ரயில்வேயில் சிங்களம் பேசுகிறவன் நான்.
வாடிவென்ன, வாடிவென்ன என்று
எத்தனை பேருக்கு வாங்கு காட்டியிருக்கிறேன்.
வாயில் இருந்தது காதுக்கு வரவில்லை.

யாரோ ஒரு வாச்சர், வத்தளையில், வெயிலில்,
சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி
அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.
அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்.
லொறிக்கு முன்னாலும் அதைக் காப்பாற்றினாள்.
செருப்புக்குக் கீழேயும்.

அன்று அவளிடம் என்ன சொன்னேன் என்பதை
இங்கே எழுதமாட்டேன்.
எந்த மொழியில் என்பதையும்.

பண்டாரவளையிலிருந்து ஞாயிறு வருகிறார்கள்.
பெரிய வீடாம், சுவர் உயரமாம்.
புஷ்பகாந்தி மணியைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறாள்.
குறிப்பு ஒன்று எழுதுகிறேன் அவர்களுக்கு:
குளியலறைச் சீமெந்தில்தான் படுப்பாள், கதவைச் சாத்தவேண்டாம்.
செருப்பைக் கையில் எடுக்கவேண்டாம்.
வாடி என்றால் உட்காருவாள்.
கூப்பிடுவது எப்படி என்ற இடத்தில் பேனா நிற்கிறது.
இப்போதெல்லாம் என் கடமை விசிலைத்தான் ஊதுகிறேன்,
அது ரயில்வேச் சொத்து.

இன்றிரவு மெயில் நாற்பது நிமிடம் தாமதம்.
அவளுக்கு யாரும் அறிவிக்கவில்லை.
வழக்கமான நேரத்துக்கு எழும்பி வந்து,
ஊளையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு,
கதவுக்கு உள்ளே,
யாரும் சொல்லாமலே
உட்கார்ந்திருக்கிறாள்.